புதன்கிழமை வலி

என் மகள் கமலினியின் காலில் சாம்பார் கொட்டியது ஒரு கல்யாணப் பந்தியில். அந்தக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. ப்ரியம்வதாவின் சொந்தத்தில் நடந்த கல்யாணம் அது. அவளும் நானும் பிரிந்த பிறகு அந்தப் பக்கத்துப் பத்திரிகை எதுவும் என் வீட்டு வாசல்படி ஏறுவதில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் வாளியோடு வழுக்கி விழுந்திருக்கிறான். இடது கால், முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை வெந்துவிட்டது. எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரியும்.

அதுவும் வேறு வழியில்லாமல் தெரிவித்ததுதான். தீக்காயம் பார்க்கிற டாக்டர் ராஜபாளையத்தில் இருக்கிறார், அவரிடம் போய்க் கட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் முதல் கட்டைப் பிரித்தபோதே ப்ரியம்வதா மயங்கி விழுந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு கட்டில் போட வேண்டியதாகிவிட்டதாம். அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். வகுப்பில் எட்டிப் பார்த்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். ரத்தத்தைப் பார்த்தால் மட்டும் ஆள் காலி.

"நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வர முடியுமா? என்னால பாக்க முடியல" என்றாள் போனில்.

பிரிந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் பார்க்கலாம் என்று வக்கீல் முன்னால் பேசி முடித்த பிள்ளையை இனி வாரத்தின் நடுவிலும் பார்க்கலாம். அங்கே பிள்ளை துடிக்கிறாள், இங்கே அப்பன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதன் பிறகுதான் அழுகையும் வந்தது.

எங்கள் பிரிவில் யார் மேல் தப்பு என்று கேட்டால் நானும் ப்ரியம்வதாவும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்போம். அதனால் அதை விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவாக இருப்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். பிள்ளையைக் கேட்டில் வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும், இருட்டுவதற்குள் கேட்டில் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் கோயில், கடைத்தெரு, ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்கும்போது, நல்லா இருக்கேம்மா என்று சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். ஆபரேஷனுக்கும் கட்டுக்கும் போகிற துணியை வெளுத்து, காயவைத்து, விளக்குக்கு மேலே விரித்து, நூல் விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவோம். இத்தனை வருஷத்தில் அந்தத் துணியை நான் வெள்ளையாகத்தான் பார்த்திருக்கிறேன். புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோனால் அது எப்படி இருக்கும் என்று பார்த்தது என் மகள் காலில்தான்.

முதல் தடவை நடந்தது இது. கட்டுப் போடுகிற அறையில் ரெண்டு பேர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். காலைப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். "வலிக்காதுடா கண்ணு, வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன். அவள் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த வேறொரு குழந்தையும் அழ ஆரம்பித்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அடுத்து நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"உங்க மேல ஆஸ்பத்திரி வாசம் வருதுப்பா."

அது ஆஸ்பத்திரி வாசம் இல்லை. துணி வெளுக்கிற மருந்து வாசம். என் சட்டையிலும் தோலிலும் ஊறிப்போன வாசம். அதை அவளுக்கு எப்படி விளக்குவது? அன்றைக்குக் கோயிலும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை. கேட்டில் நின்று பேசிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து சோப்புத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். யாருக்காகக் குளிக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. வீட்டில் மோந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

அடுத்த தடவை போனபோது, அங்கே வழக்கமாகக் கட்டு மாற்றுகிற கிருபாபாய் சிஸ்டர் லீவு முடிந்து வந்திருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். வாட்டசாட்டமான ஆள், அதற்கேற்ற குரல். கமலினியின் கையைப் பிடிக்க வந்த ரெண்டு பேரையும் பார்த்தார்.

"பிள்ளயப் பிடிக்கதுக்கு இம்புட்டு ஆளா? இது என்ன மாடா? போங்க, வெளிய போங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான அப்பா? பிள்ளைகிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வலிக்காதுன்னு..."

"அத மட்டும் சொல்லாதீங்க சார். வலிக்கும். நீங்க வலிக்காதுன்னு சொல்லி, பொறவு வலிச்சா, பிள்ள உங்களயும் நம்பாது, என்னயும் நம்பாது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் பிள்ளையிடம் என்ன பேச வேண்டும் என்று இவர் யார் சொல்வதற்கு? ஆனால் கமலினி தலையை நிமிர்த்தி அந்த அம்மாளைப் பார்த்தாள். முதல் தடவைக்குப் பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏட்டி, உங்க ஊர்ல எது பெருசு?" என்று கேட்டார் சிஸ்டர், சலைன் பாட்டிலைத் திறந்துகொண்டே.

கமலினி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "தேரு" என்றாள்.

"நான் பாத்ததே இல்ல. எம்புட்டுப் பெருசு?"

"ரொம்பப் பெருசு. நேரா ஓடாது. தானாத் திரும்பவும் செய்யாது. கட்டை போடுவாங்க."

"என்ன கட்டை?"

கமலினிக்கு அந்தக் கேள்வி ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். தேர்க்கட்டை தெரியாத ஒரு பெரிய மனுஷி! ஆடிப்பூரத் தேரை அவள் ரதவீதியில் சிநேகிதி வீட்டு மாடியிலிருந்து பார்த்தவள். சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் சொருகினால் எவ்வளவு பேர் இழுத்தாலும் தேர் நின்றுவிடும், கட்டையை எடுத்தால்தான் நகரும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அவள் பேசப் பேச சிஸ்டர் கட்டின் மேல் சலைனை ஊற்றி நனைத்துக்கொண்டே இருந்தார். ஒட்டியிருந்த துணி ஊறி இளகிக்கொண்டிருந்தது.

"அப்பச் சரி" என்றார். "இந்தத் துணிதான் தேரு. நான் இழுக்கேன். நீதான் கட்டை போடுற ஆளு. நீ 'கட்டை'ன்னு சொன்னா நான் அப்படியே நிறுத்திருவேன். ஏன்னு கேக்க மாட்டேன். இங்க ஒருத்தரும் கேக்கக் கூடாது. சூடான ரசத்த ஊதுற மாதிரி நீ மெதுவா ஊதணும். பொறவு நீயே 'எடு'ன்னு சொல்லு, தேரு நகரும்."

"எத்தன தடவ வேணாலும் போடலாமா?"

"எத்தன தடவ வேணாலும்."

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். என் உள்ளங்கையைக் கமலினியின் உள்ளங்கையில் வைத்தார். "வலி எம்புட்டு இருக்கோ அம்புட்டு அப்பா கைய நசுக்கு. அவிய தாங்குவாவ" என்றார். என்னிடம் தனியாக, "சார், உங்க மூச்சு தறிகெட்டு ஓடுது. பிள்ள உங்க மூச்சப் பாத்துத்தான் மூச்சு விடும். மெதுவா விடுங்க" என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அழுதாள். கட்டை, கட்டை என்று பாதி வழியில் நிறுத்திக்கொண்டே இருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சிஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். என் விரல்கள் ஒடிந்துவிடும் போல நசுங்கின. ஆனால் அந்தப் பழைய சத்தம் வரவில்லை. கடைசித் துண்டு துணியைத் தானே எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், நான் பார்த்தேனா என்று.

அதன் பிறகு நான் வீட்டில் மூச்சு விட்டுப் பழகினேன். சிரிக்காதீர்கள். கம்பெனி விட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இல்லாத ரசத்தை ஊதுவேன். மில் சங்கு ஊதும். பக்கத்து வீட்டில் டிவி ஓடும். பக்கத்து வீட்டு ஜெயபாய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள். யோகா என்று சொல்லிவைத்தேன். எனக்கு மெதுவாக மூச்சு விடத் தெரிந்த அளவுக்குக் கமலினிக்கு வலி குறையும் என்று நம்பினேன். தனியாக இருக்கிறவன் எதையாவது நம்ப வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனோம். பிறகு புதனும் சனியும் என்றார்கள். எங்கள் முதலாளி ஐயாதுரையிடம் கேட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டேன். அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன், கட்டு மாற்றியதும் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பேன், திரும்பக் கொண்டுபோய் விடுவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. ஸ்கூலில் யார் யாரிடம் பேசுவதில்லை, எந்த டீச்சர் கொட்டாவி விடுகிறார், அம்மா ஏன் குழம்பில் உப்புப் போட மறக்கிறாள் என்று எல்லாம் வந்தது. "நல்லா இருக்கீங்களாப்பா" போய்விட்டது. "நகருங்கப்பா, இடிக்குது" வந்தது. ஒரு நாள் என் தோளில் சாய்ந்து தூங்கி, சட்டையில் எச்சில் வடித்துவிட்டாள். வாசத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது, இன்னும் கொஞ்சம் டிராபிக் இருக்கக் கூடாதா என்று எரிச்சலாக இருந்தது.

காயம் கொஞ்சம் ஆறிய பிறகு சிஸ்டர் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு தேரோடு போகச் சொன்னார். எந்த வீதி, என்ன சத்தம், யார் யார் நிற்கிறார்கள், எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் வேலையை முடித்துவிடுவார். கமலினி சொன்னாள். கீழரத வீதி. மோர்ப்பந்தல். வெயிலில் காலை மாற்றி மாற்றி வைக்கிறவர்கள். மாடியில் அம்மா. கூட சிநேகிதி. சிநேகிதி வீட்டு நாய்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான் எங்க நிக்கேன்?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே யோசித்தாள்.

"நீங்க வரலப்பா. தேரு அன்னைக்கு ஞாயித்துக்கிழம இல்லேல்ல."

கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாள். மழைக்காலத்தில் வெயில் இருக்காது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சிஸ்டர் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை என் கையில் இருந்ததால் என்னால் முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. மெதுவாக மூச்சு விட்டேன். நல்லவேளை, பழகிவைத்திருந்தேன்.

அதற்கப்புறம் புதுத்தோல் வந்தது. ரோஸ் நிறத்தில், வெங்காயத் தோல் மாதிரி. துணி இப்போது ஒட்டுவதே இல்லை, தூக்கினால் கையோடு வந்துவிடும். அப்போதுதான் கமலினி அதிகமாகக் கட்டை போட ஆரம்பித்தாள். துணியின் நுனியைத் தொட்டாலே கட்டை. எடு என்று சொல்வதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். சிஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, பொறுமையாகக் காத்திருந்து, நகர்ந்தார். "இன்னும் வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டபோது, "ரொம்ப" என்றாள்.

ஆனால் அவள் கை என் கையில் இருந்தது. அந்தக் கை நசுக்கவே இல்லை. கட்டை, கட்டை என்று வாய் சொல்லும்போது விரல்கள் என் உள்ளங்கையில் சும்மா கிடந்தன. ஒரு தடவை என் விரல் நகத்தைத் தடவி விளையாடிக்கொண்டுகூட இருந்தாள்.

அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் சும்மா இருந்தேன். புதனும் சனியும் வந்துகொண்டிருந்தன, தேங்காய் பன் வந்துகொண்டிருந்தது, எனக்கு என்ன வந்தது? பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று யோசிக்கக்கூட நான் விரும்பவில்லை. யோசித்தால் பதில் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு புதன்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோல் நன்றாக வந்துவிட்டது, இவ்வளவு வலி இருக்கக் கூடாது, உள்ளே எங்காவது சீழ் பிடித்திருக்கலாம் என்றார். சனிக்கிழமை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், மயக்க மருந்து கொடுத்து ஒரு இடத்தில் கீறிப் பார்த்துவிடலாம் என்றார். ரத்தம் இப்போதே எடுத்துவிடலாம், சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

கிருபாபாய் சிஸ்டர் வராண்டாவில் ஊசித் தட்டோடு நின்றிருந்தார்.

"சார், பிள்ள பொய் சொல்லுதுன்னு நான் எந்தப் பிள்ளையையும் சொன்னது கிடையாது. இப்பவும் சொல்ல மாட்டேன். வலி அவளுக்குத்தான் தெரியும்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா கை உங்க கையிலதான இருந்துச்சு?"

நான் என் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"செத்த நேரம் உள்ள இருக்கேன். பேசிட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார்.

கமலினி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இடது காலையும் சேர்த்துத்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கமலி, டாக்டர் உன் கால்ல கீறிப் பாக்கணும்னு சொல்றாரு. ஊசி போடுவாங்க. வலிக்கும்."

காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்பக் கேக்குறேன். நெஜமா வலிக்குதா?"

சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"வலிக்கலன்னா நீங்க புதன்கிழம வருவீங்களா?"

வருவேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது என் கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். வருவேன் என்று சொல்லிவிட்டு அந்தப் புதன்கிழமை அவள் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்? வலிக்காதுடா கண்ணு என்று ஒரு தடவை சொன்னது போதாதா?

"தெரியலம்மா" என்றேன்.

"அப்ப வலிக்குது" என்றாள்.

பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருவர் வந்து மாத்திரை கொடுக்கிற இடம் எது என்று கேட்டார். கையைக் காட்டினேன். என் பிள்ளை ஊசிக்கும் கத்திக்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். கீறினாலும் பரவாயில்லை என்று முடிவு பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதில் அப்பனைப் பார்ப்பதற்கு இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை. காயம் பட்டால்தான் நான் வந்தேன்.

எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன். கமலினி பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். அவளை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அவளுக்கு வலி இல்ல சார். ரொம்ப நாளாவே இல்ல. எனக்குத் தெரியும்."

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, இனிமேல் கட்டு வேண்டாம், வீட்டிலேயே எண்ணெய் தடவுங்கள், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வர வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கிருபாபாய் சிஸ்டர் கமலினியின் தலையைத் தடவ வந்தார். அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

பேக்கரி வேண்டாம் என்றாள். பஸ்ஸில் ஏறியதும் முன்னால் ஒரு அம்மா பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் சடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வழியில் ரோடு காலியாக இருந்தது. பஸ் பறந்தது. நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அவள் நினைப்பது தெரிந்தது. அது சரிதான், காட்டிக்கொடுத்தேன்தான். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் நொண்ட ஆரம்பித்தாள். கட்டுப் போட்டிருந்த நாட்களில்கூட இப்படி நொண்டியதில்லை. நான் கையை நீட்டினேன், பிடிக்கவில்லை. பூக்கடைகளைத் தாண்டி, வீதி திரும்பி, அவள் வீட்டுச் சந்து வரைக்கும் எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டே போனாள். பாதி வழியில் கால் மாறிவிட்டது. இடது காலை மறந்துவிட்டு வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ப்ரியம்வதா ஸ்கூலிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் கேட்டில் நின்றிருந்தாள். பிள்ளை நொண்டி வருவதைப் பார்த்துப் பதறி ரெண்டு எட்டு முன்னால் வந்தாள். அப்புறம் நின்றாள். கணக்கு டீச்சர் இல்லையா, எந்தக் கால் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடி இது? அது வலது காலு."

கமலினி அவளைத் தாண்டி, நொண்டிக்கொண்டே வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள் ப்ரியம்வதா.

"ஆறிருச்சு. இனிமே வர வேண்டாம்னுட்டாரு."

"அப்பாடா" என்றாள். அவள் முகம் இளகுவதைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ். ஞாயித்துக்கிழம வாங்க."

கேட்டைச் சாத்தக் கை வைத்தாள். நான் அவளிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்திருந்தேன். பிரிந்த நாளிலிருந்து வைத்திருந்த வீம்பு அது. அதை வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"புதன்கிழமையும் வரட்டுமா?"

"புதன்கிழமையா? எதுக்கு? காயந்தான் ஆறிருச்சே."

"அதனாலதான் கேக்குறேன்."

அவளுக்குப் புரியவில்லை. கமலினி ஏன் இத்தனை நாள் வலிக்கிறது என்றாள், டாக்டர் என்ன செய்யப் போனார், பெஞ்சில் அவள் என்னிடம் என்ன கேட்டாள் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சந்துக்குள் வந்தது, அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று மிச்சத்தைச் சொன்னேன். ப்ரியம்வதா கேட்டின் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெயின்ட் உதிர்ந்தது. வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

"மொதல்ல அவ கால நேரா வச்சு நடக்கட்டும்" என்றாள் கடைசியில். "பொறவு பாப்போம்."

பெரியவர்கள் பேச்சை முடிப்பதற்குச் சொல்கிற வார்த்தை அது. எனக்கு அது தெரியும். நான் கேட்டிலிருந்து கையை எடுத்தேன்.

ஆனால் படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியவில்லை. எழுந்தாள். பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், ரெண்டு காலும் எங்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. வாசலிலிருந்து கேட் வரைக்கும் நேராக நடந்து வந்தாள். திரும்பினாள். கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் நேராக நடந்தாள். மறுபடி வந்தாள்.

"பாரும்மா. அப்பா, பாருங்க. வலிக்கல. வலிக்கவே இல்ல" என்று அழுதுகொண்டே நடந்தாள்.